பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டால்: தோட்டத்து ஊரில் குற்றவியல் வழக்கறிஞரை அமர்த்தும் முறை

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கிலோ அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலோ ஒரு பையனைப் போலீஸ் பிடித்துவிட்டால், குடும்பம் முதலில் ‘ஆள் தெரிந்த’ ஒருவரைத்தான் தேடுகிறது. கோயில் செயற்குழுவில் உள்ளவர், கட்சிக் கிளைத் தலைவர், காவல் நிலையத்துக்குப் போய்வந்து பழகியவர் என்று இரவெல்லாம் தொலைபேசி ஓயாது. பொழுது விடிந்ததும் பையனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, விசாரணைக்காக மேலும் சில நாள் லாக்கப்பில் வைக்கும் தடுப்புக் காவல் உத்தரவையும் வாங்கிவிடுவார்கள். அந்த அறையில் அவனுக்காக வாய் திறக்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு காலைப்பொழுதை நம் குடும்பங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாளுக்கு வேண்டிய வழக்கறிஞர் வேறு, வழக்கை நடத்த வேண்டிய வழக்கறிஞர் வேறு. முதல் நாளுக்கு அருகில் இருப்பவராக, கூப்பிட்டதும் கிளம்பி வருபவராக ஒருவர் போதும். வழக்கை நடத்துபவரைத்தான் நிதானமாக விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் ஒருவராகவே அமைந்தால் நல்லது; அமையாவிட்டாலும் குறையில்லை. ‘கோலாலம்பூரிலிருந்து பெரிய வழக்கறிஞர் வரட்டும்’ என்று காத்திருக்கும் குடும்பங்கள்தான் முதல் நாளைக் கோட்டை விடுகின்றன.

முதல் படி: எங்கே, எந்தப் பிரிவு, யார் விசாரிக்கிறார்

வழக்கறிஞரை அழைக்கும் முன் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும். பையன் எந்த லாக்கப்பில் இருக்கிறான்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கைதாகியிருக்கிறான்? விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் என்ன? பீடோங் காவல் நிலையத்தில் பிடித்தவரைச் சுங்கைப்பட்டாணியில் உள்ள கோல மூடா மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். எனவே ‘பீடோங்கில்தான் இருப்பான்’ என்று எண்ணிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேட்கத் தயங்காதீர்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையும், தாம் விரும்பும் வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறும் உரிமையும் கூட்டரசு அரசியலமைப்பின் 5-வது விதியில் இருக்கின்றன. உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கைதானவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. குரலை உயர்த்த வேண்டியதில்லை. ‘ஐயா, நான் அவனுடைய தாய். எந்தப் பிரிவு என்று எழுதிக்கொள்கிறேன், சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும்.

பிரிவு எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு மேலும் நாள் வேண்டுமென்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் 117-வது பிரிவின் கீழ் போலீஸ் தடுப்புக் காவல் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ உள்ள குற்றமென்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். ஒரே கத்திச் சண்டைதான். ஆயுதத்தால் காயம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 324-வது பிரிவில் பதிவானால் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு, கடுங்காயம் என்று 326-வது பிரிவில் பதிவானால் 20 ஆண்டு. லாக்கப்பில் இருக்கும் நாள்கணக்கே இரண்டு மடங்காகிவிடும்.

இரண்டாம் படி: முதல் காலைக்கு ஒருவர்

தடுப்புக் காவல் விசாரணையில் வழக்கறிஞர் என்ன செய்வார்? போலீஸ் கேட்கும் நாள்கள் உண்மையிலேயே தேவையா என்று கேள்வி எழுப்புவார். பையனுக்கு ஆஸ்துமா இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, போலீஸ் தேடிய பொருள் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டுவிட்டது என்பனவற்றை எடுத்துச் சொல்வார். உடம்பில் அடிபட்ட தழும்பு இருந்தால் அதை மாஜிஸ்திரேட்டின் பார்வைக்குக் கொண்டுவருவார். 4 நாள் கேட்ட இடத்தில் 2 நாள் கிடைத்தாலும் அது பெரிய காரியம். தொழிற்சாலை வேலை போகாமல் இருப்பதும் போவதும் அந்த இரண்டு நாளில்தான் இருக்கலாம்.

பணம் இல்லையென்று இந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டாம். தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. மலாய்ச் சுருக்கத்தில் ஒய்பிஜிகே என்பார்கள். 2011-இல் அமைக்கப்பட்டது. கைதான மலேசியக் குடிமக்களுக்குத் தடுப்புக் காவல் கட்டத்தில் அதன் வழக்கறிஞர்கள் இலவசமாக வாதாடுகிறார்கள். முழு விசாரணைக்கும் அவர்களை அமர்த்த முடியும், ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. காலையிலேயே நீதிமன்றத்துக்குப் போய் ‘ஒய்பிஜிகே வழக்கறிஞர் யார் வந்திருக்கிறார்’ என்று கேளுங்கள். நீதிமன்ற ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கெடாவில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் நடக்கும். பட்டர்வொர்த், பினாங்கு அலுவலகங்களில் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை என்பதற்காக 24 மணி நேர விதி நின்றுவிடுவதும் இல்லை. வியாழன் இரவு பிடிபட்டவரை வெள்ளியன்றே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஆகையால் வழக்கறிஞரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக எண் மட்டும் போதாது.

வழக்கறிஞர் வரும்வரை பையன் என்ன செய்ய வேண்டும்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுப்பார்கள். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. பெயரையும் அடையாள அட்டை விவரத்தையும் கொடுத்துவிட்டு, ‘மற்றதை வழக்கறிஞரிடம் பேசிய பிறகு சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. மலாய் சரளமாக வராத பெரியவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

18 வயது நிரம்பாதவராக இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் அவருக்குப் பொருந்தும். பெரும்பாலும் சிறுவர் நீதிமன்றமே விசாரிக்கும். பெற்றோர் உடனிருக்க வேண்டும்.

சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தின் கீழ் கைது என்று சொன்னால் நிலைமை வேறு. குண்டர் கும்பல் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டில் நம் இளைஞர்கள் பலர் இந்தச் சட்டத்தின் கீழ்தான் பிடிபடுகிறார்கள். 28 நாள்வரை போலீஸே தடுத்து வைக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம்வரை தள்ளிப்போடலாம். குற்றம் சாட்டப்பட்ட பின்னும் ஜாமீன் பெரும்பாலும் கிடையாது. பெண்கள், சிறுவர், நோயாளிகள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. இத்தகைய வழக்கில் சொஸ்மா வழக்கு நடத்திய அனுபவமுள்ளவரை முதல் நாளிலிருந்தே தேட வேண்டும். முதல் நாளுக்கு ஒருவர், பிறகு ஒருவர் என்று நான் மேலே சொன்னது இங்கே பொருந்தாது.

மூன்றாம் படி: வழக்கை நடத்துபவரைத் தேடுவது

சுங்கைப்பட்டாணி வளர்ந்த வேகத்தில் கடைவீட்டு மாடிகளிலெல்லாம் வழக்கறிஞர் அலுவலகப் பலகைகள் ஏறிவிட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் தாமான் என்னும் குடியிருப்புகள் எழும்பியபோது வீடு வாங்கல், விற்றல், வங்கிக் கடன் வேலைகளுக்கு அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். அந்த அலுவலகங்களில் இருப்பவர்கள் தங்கள் துறையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் வீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் தேர்ந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எப்படித் தேடுவது? மூன்று வழிகளை நான் நம்புகிறேன். முதலாவது, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளம். அங்கே பெயரைத் தட்டிப் பார்த்தால் அவர் தொழில் செய்யும் உரிமையுள்ளவரா, எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பது தெரியும். தொழில் சான்றிதழை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், ‘பத்து வருடத்துக்கு முன் என் மச்சானுக்கு வாதாடினார்’ என்பது மட்டும் போதாது. இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்த, வேறு துறை வழக்கறிஞர். வீட்டுக்கடன் பத்திரம் செய்து கொடுத்தவரிடமே ‘குற்ற வழக்குக்கு நீங்கள் யாரை அனுப்புவீர்கள்’ என்று கேளுங்கள். ஒருவரின் திறமை சக வழக்கறிஞர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது வழியை நம்மவர்கள் கிட்டத்தட்ட யாருமே பயன்படுத்துவதில்லை. நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது. அடக்கமாக உடுத்திக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு, ஒரு காலை முழுவதும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வழக்கறிஞர் எழுந்து, கோப்பைப் புரட்டிப் புரட்டி, கட்சிக்காரரின் பெயரையே தாளைப் பார்த்துச் சொல்வார். இன்னொருவர் தம் கட்சிக்காரர் எந்தத் தொழிற்சாலையில் என்ன ஷிப்ட் பார்க்கிறார், வீட்டில் யார் நோயாளி என்பதைக் குறிப்பு இல்லாமலே சொல்லி, ஜாமீன் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார். அன்று இரண்டாமவரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தால், எந்த விளம்பரமும் தராத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

காவல் நிலைய வாசலிலோ நீதிமன்ற வளாகத்திலோ தாமாகவே வந்து ‘நம்ம லாயர் இருக்கிறார், வாங்க’ என்று கூப்பிடும் ஆளோடு போகாதீர்கள். தரகர் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பது வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று. அந்த விதியை மீறுகிறவர் உங்கள் விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று எப்படி நம்புவது?

நான்காம் படி: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான்: ‘நீதிமன்றத்தில் நீங்களே நிற்பீர்களா, வேறு யாரையாவது அனுப்புவீர்களா?’ வழக்கு வெறுமனே அழைக்கப்பட்டு அடுத்த தேதி தரப்படும் நாள்களில் இளையவர் ஒருவர் வருவதில் தவறில்லை. சாட்சி விசாரணை நடக்கும் நாளில் யார் நிற்பார் என்பதைப் பெயரோடு கேட்டு வாங்குங்கள்.

பிறகு, இதே பிரிவில் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறார், அவற்றில் எத்தனை முழு விசாரணைவரை போயின, எத்தனை குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிந்தன என்று கேளுங்கள். எல்லாமே ஒப்புக்கொண்டு முடிந்தவை என்றால் அது ஒரு தகவல். இந்த வழக்கில் அரசுத் தரப்புக்கு எது பலம், நமக்கு எது பலவீனம் என்றும் கேட்க வேண்டும். பலவீனத்தைச் சொல்லத் தயங்குகிறவரைவிட, ‘அம்மா, இந்த இடம் நமக்குச் சிக்கல்’ என்று விரல் வைத்துக் காட்டுகிறவர் மேல். ‘கட்டாயம் வெளியே எடுத்துவிடுகிறேன்’ என்று சத்தியம் செய்கிறவரின் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

போகும்போது கைது விவரம், போலீஸ் புகார் நகல், குற்றச்சாட்டுத் தாள், சம்பளச் சீட்டு, மருத்துவக் கடிதங்கள், சாட்சிகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள். முன்பு ஏதாவது வழக்கு இருந்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. அரசுத் தரப்பு தண்டனைப் பதிவை நீதிமன்றத்தில் எடுத்து வைக்கும்போதுதான் உங்கள் வழக்கறிஞருக்கே அது தெரியவந்தால், அதற்குப் பிறகு அவரால் அதிகம் செய்ய முடியாது. வழக்கறிஞரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. சட்டம் அதைக் காக்கிறது. அதே காரணத்தால், முக்கியமான பேச்சு நடக்கும்போது சித்தப்பா, பெரியப்பா, கோயில் தலைவர் என்று பத்துப் பேர் அறையில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பணம் கட்டுகிறவர் நீங்களாக இருந்தாலும் கட்சிக்காரர் பையன்தான். அவன் தனியாகப் பேச வேண்டும் என்று வழக்கறிஞர் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

ஐந்தாம் படி: கட்டணம்

குற்ற வழக்குக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் கிடையாது. கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: தடுப்புக் காவலுக்கு எவ்வளவு, ஜாமீனுக்கு எவ்வளவு, குற்றச்சாட்டைக் குறைக்கக் கோரி அரசுத் தரப்புக்கு முறையீட்டுக் கடிதம் எழுத எவ்வளவு, விசாரணை நாள் ஒன்றுக்கு எவ்வளவு, விசாரணை தள்ளிப்போனால் அந்த நாளுக்கும் உண்டா. மேல்முறையீடு பெரும்பாலும் தனிக் கட்டணம்தான். 8 விழுக்காடு சேவை வரி சொன்ன தொகைக்குள் அடங்குமா, மேலே வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி, நிறுவனத்தின் பெயரில் ரசீது வாங்க வேண்டும். தனியாள் கணக்கில் போடச் சொன்னால் போடாதீர்கள். ‘ஜெயித்தால் மட்டும் கொடுங்கள்’ என்ற ஏற்பாட்டை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை.

யாராவது ‘அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும்’ என்று தனியாகப் பணம் கேட்டால், அது வழக்கறிஞரே ஆனாலும், கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே சட்டம், 20 ஆண்டுவரை சிறை. பையனை மீட்கப் போன தகப்பனும் உள்ளே போவது நடக்கக்கூடிய காரியம். நகையை அடகு வைத்து இப்படிப் பணம் கொடுத்து ஏமாந்த தாய்மாரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆறாம் படி: ஜாமீனுக்குத் தயாராகுங்கள்

குற்றம் சாட்டப்படும் நாளன்று ஜாமீன்தாரர் காலையிலேயே நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மலேசியக் குடிமகனாக, அசல் அடையாள அட்டையோடு வர வேண்டும். பல இடங்களில் ஜாமீன்தாரர் தம் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, தொகையைப் போட்டு, சேமிப்புப் புத்தகத்தை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் நடைமுறை இருக்கிறது. எனவே தொகை அறிவிக்கப்பட்டதும் தாளை வாங்கிக்கொண்டு வங்கிக்கு ஓடி, அங்கே எண் வாங்கிக் காத்திருந்து, புத்தகத்தோடு திரும்பி ஓடிவந்து, முகப்பில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இதெல்லாம் முகப்பு மூடும் முன் முடிய வேண்டும். முடியாவிட்டால் சிறைத்துறை வண்டி கிளம்பிவிடும். கெடாவில் அது வியாழக்கிழமையாக இருந்தால், பணம் கையில் இருந்தும் பையன் பெரும்பாலும் ஞாயிறுவரை சிறையில்தான். அந்த நீதிமன்றத்தின் நடைமுறை என்ன என்பதை முதல் நாளே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்தால் இந்த ஓட்டம் பாதியாகும்.

பணம் செலவாகிவிடுவதில்லை, வழக்கு முடிந்ததும் ஜாமீன்தாரருக்குத் திரும்பக் கிடைக்கும். பையன் ஒரு தேதிக்கு வராமல் போனால் பறிபோகும். இதைச் சொல்லிவிட்டே மாமனையோ அத்தையையோ ஜாமீனுக்குக் கூப்பிட வேண்டும்.

ஏழாம் படி: ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று சொல்லும்போது

வழிகாட்டி முழுவதிலும் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். சிறுநீர் பரிசோதனையில் போதைப்பொருள் தெரிந்து, 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவில் குற்றம் சாட்டப்படும் இளைஞர்கள் நம் தாமான்களில் ஏராளம். தண்டனை 5,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை. ‘அபராதம் கட்டிவிட்டு வேலைக்குப் போகலாம்’ என்று குடும்பமே சொல்லும். அதோடு 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பும் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், இப்படி இரண்டு முறை பதிவானவர் மறுபடி மாட்டினால் 39சி பிரிவு காத்திருக்கிறது: 5 முதல் 7 ஆண்டு சிறை, 3 பிரம்படிவரை. இன்று ‘சின்ன வழக்கு’ என்று ஒப்புக்கொள்வது பின்னால் வரப்போகும் பெரிய வழக்கின் முதல் படியாகிவிடக் கூடும்.

ஒப்புக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. சான்று தெளிவாக இருக்கும்போது, நல்ல வழக்கறிஞர் அரசுத் தரப்போடு பேசி, குறைந்த பிரிவுக்கு மாற்றி ஒப்புக்கொள்ள வைப்பது பெரிய சேவை. முதல் முறை தவறு செய்த இளைஞரை நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின் கீழ் தண்டனைப் பதிவே இல்லாமலும் விடலாம். இவை தாமாக வருவதில்லை, வழக்கறிஞர் கேட்டு வாங்க வேண்டியவை. ஒப்புக்கொள்ளச் சொல்லும் வழக்கறிஞரிடம் மூன்றைக் கேளுங்கள்: இதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன, பதிவு எதைப் பாதிக்கும், வேறு வழி ஏதேனும் பார்த்தீர்களா? ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையின் அளவையோ அது சட்டப்படி சரியா என்பதையோ எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

கடத்தல் என்று குற்றம் சாட்டினால் பேச்சே வேறு. 15 கிராம் ஹெராயின், 50 கிராம் ஷாபு, 200 கிராம் கஞ்சா, இந்த அளவுகளை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டாலும் மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

எட்டாம் படி: அமர்த்திய பிறகு

விசாரணை தொடங்கும் முன் போலீஸ் புகார் நகலையும், அரசுத் தரப்பு பயன்படுத்தப்போகும் ஆவணங்களையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவின் கீழ் தந்தாக வேண்டும். ‘அவை வந்தனவா, படித்தீர்களா’ என்று வழக்கறிஞரைக் கேட்பது உங்கள் உரிமை. கடை முகப்பிலோ எண்ணெய் நிலையத்திலோ கேமரா இருந்தால் முதல் வாரத்திலேயே வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேச வேண்டாம். நல்லெண்ணத்தோடு போனாலும், சாட்சியை மிரட்டியதாக இன்னொரு வழக்கு வரலாம்.

வழக்கறிஞர் தொலைபேசியை எடுப்பதில்லை, தேதிக்கு வருவதில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். புதியவரை முடிவு செய்துவிட்டு, எழுத்தில் தெரிவித்து, கோப்பை ஒப்படைக்கச் சொல்லுங்கள். விசாரணைத் தேதிக்கு முந்தின வாரம் மாற்றினால் நீதிமன்றம் தள்ளிவைப்பு தராமல் போகலாம் என்பதால், மனக்குறை இருந்தால் முன்கூட்டியே மாற்றுவது நல்லது. பணத்தில் மோசடி நடந்ததாகத் தெரிந்தால் வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியத்திடம் எழுத்துமூலம் புகார் செய்யலாம். ரசீதுகளை இதற்காகவும் பத்திரப்படுத்த வேண்டும்.

தீர்ப்பு பாதகமாக வந்தால், மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள்தான் இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்றே, நீதிமன்ற வளாகத்தை விட்டுக் கிளம்பும் முன், ‘மேல்முறையீடு செய்கிறோமா, யார் தாக்கல் செய்வது, தண்டனையை அதுவரை நிறுத்திவைக்கக் கேட்கிறீர்களா’ என்று வழக்கறிஞரிடம் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.